நர்ஸுக்கு எதற்கு எம்.எஸ்ஸி?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. இட்லி சாப்பிட்டுவிட்டுப் பேப்பரை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வாசலில் பைக் சத்தம். என் தங்கை மகன் தன் மகளைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தான். இரண்டு பேர் முகத்தையும் பார்த்ததுமே தெரிந்துவிட்டது, சும்மா பார்த்துவிட்டுப் போக வரவில்லை, வழக்கோடு வந்திருக்கிறார்கள் என்று.

"பெரியம்மா, நீங்களே ஒரு நியாயத்தைச் சொல்லுங்க. வேலையை விட்டுட்டு எம்.எஸ்ஸி படிக்கப் போறேன்னு ஒத்தைக் கால்ல நிக்கா. நர்ஸுக்கு எதுக்கு எம்.எஸ்ஸி? படிச்சா டாக்டராவா ஆகப்போறா?"

பேத்திக்கு 25 வயது. பி.எஸ்ஸி நர்ஸிங் முடித்து மூன்று வருடமாக ஒரு தனியார் ஆஸ்பத்திரி ஐ.சி.யூ.வில் வேலை. அவள் ஒன்றும் பேசவில்லை. என்னை மட்டும் பார்த்தாள். 35 வருடம் அரசு ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவள் நான். அப்பனும் மகளும் என்னிடம் வந்ததற்கு அதுதான் காரணம். பெரியாச்சி தன் பக்கம் பேசுவாள் என்று இரண்டு பேருமே நினைத்திருக்கிறார்கள்.

அன்றைக்கு நான் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். நம் வாசகர்களில் பலர் வீட்டில் பேத்தியோ மருமகளோ நர்ஸாக இருக்கலாம். இல்லாவிட்டாலும் நமக்கு இந்த விஷயம் வேண்டியதுதான். நம் வயதுக்கு, இனி நம்மைத் தூக்கி உட்கார வைத்து மாத்திரை கொடுக்கப்போவது இந்தப் பிள்ளைகள்தானே.

முதலில் அந்தப் படிப்பு என்னவென்று சொல்லிவிடுகிறேன். எம்.எஸ்ஸி நர்ஸிங் இரண்டு வருடப் படிப்பு. பி.எஸ்ஸி நர்ஸிங், அல்லது டிப்ளமோ முடித்துவிட்டுப் பிறகு படிக்கிற போஸ்ட் பேசிக் பி.எஸ்ஸி, இரண்டில் ஒன்று வேண்டும். அதில் 55 சதவீத மார்க், நர்ஸிங் கவுன்சில் பதிவு, குறைந்தது ஒரு வருட அனுபவம் வேண்டும். ஐந்து பிரிவுகள் உண்டு: பொது மருத்துவமும் அறுவை சிகிச்சையும் சேர்ந்த பிரிவு, குழந்தைகள், மகப்பேறு, மனநலம், சமூக நலம். எந்தப் பிரிவாக இருந்தாலும் எல்லாருக்கும் பொதுவான பாடங்களில் மூன்று: எப்படிக் கற்றுக்கொடுப்பது, எப்படி ஆய்வு செய்வது, எப்படி நிர்வாகம் செய்வது. கடைசியில் ஓர் ஆய்வேடும் எழுதிக் கொடுக்க வேண்டும்.

இது புதிதாக வந்த படிப்பும் இல்லை. 1946லேயே டெல்லியிலும் வேலூர் சி.எம்.சி.யிலும் நர்ஸிங்கில் பட்டப்படிப்பு தொடங்கிவிட்டது. டெல்லி கல்லூரியில் 1959ல் முதுகலையும் வந்துவிட்டது. நாட்டின் முதல் சுகாதார மந்திரி ராஜ்குமாரி அம்ருத் கௌர் பெயரில் இன்றும் நடக்கிற கல்லூரி அது. அறுபது வருடத்துக்கு மேல் ஆகியும் "நர்ஸுக்கு எதுக்கு எம்.எஸ்ஸி" என்ற கேள்வி மட்டும் நம் வீடுகளில் மாறவில்லை. எம்.பி.பி.எஸ். முடித்த பையன் எம்.டி. படிக்கப் போகிறேன் என்றால் தெரு முழுக்கச் சொல்லிப் பெருமைப்படுகிறோம். நர்ஸ் பெண் மேலே படிக்கிறேன் என்றால் செலவுக் கணக்குப் பார்க்கிறோம்.

நானும் அந்தக் கணக்கில் மாட்டியவள்தான்.

1975ல் நர்ஸிங் ஸ்கூலில் சேர்ந்தேன். அப்போது மூன்றரை வருட டிப்ளமோ. ராத்திரி டியூட்டி பார்க்கிற வேலைக்குப் பெண்ணை அனுப்புவதா என்று எங்கள் சொந்தத்தில் பேசாத ஆள் கிடையாது. ஸ்டைபண்டு கிடைக்கும், அரசாங்க வேலை நிச்சயம் என்பதால் அப்பா அனுப்பினார். வேலைக்குச் சேர்ந்து ஏழெட்டு வருடம் கழித்து, 1986ல் போஸ்ட் பேசிக் பி.எஸ்ஸி.க்கு நானும் என் பேட்ச் தோழி ஒருத்தியும் விண்ணப்பித்தோம். இரண்டு பேருக்கும் இடம் கிடைத்தது. வெளியூர், இரண்டு வருடம். என் மகனுக்கு அப்போது நாலு வயது. மாமியார் வாதம் வந்து படுக்கையில். வீட்டுக்காரரிடம் ஆர்டரைக் காட்டினேன். படித்துப் பார்த்துவிட்டு, "உன் இஷ்டம்" என்றார். அந்தக் காலத்துப் பெண்களுக்குத் தெரியும், அந்த இரண்டு வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று. நான் போகவில்லை. தோழி போனாள். பி.எஸ்ஸி முடித்து, பிறகு எம்.எஸ்ஸியும் முடித்து டியூட்டராக வந்தாள்.

உண்மையைச் சொல்கிறேன். அவள் வந்தபோது எனக்கு அவள் மேல் கொஞ்சம் இளக்காரம்தான். "நாம இங்க பெட்பேன் எடுத்துக்கிட்டிருந்தப்ப இவ புஸ்தகம் படிச்சிக்கிட்டிருந்தா" என்று மற்ற ஸ்டாஃப்களிடம் சொல்லியிருக்கிறேன். அந்த நினைப்பு உடைந்தது 1993ல்.

எந்த ஊர், எந்த ஆஸ்பத்திரி என்று சொல்லவில்லை. ஆண்கள் மருத்துவ வார்டு. காலை டியூட்டி. இரண்டாம் வருட மாணவி ஒருத்தி ஊசி மருந்து கலக்கிக்கொண்டிருந்தாள். பவுடராக வரும் ஆன்டிபயாட்டிக்கை டிஸ்டில்ட் வாட்டர் விட்டுக் கரைத்து நரம்பில் போட வேண்டும். அவள் கையில் உடைத்து வைத்திருந்த ஆம்பூலைத் தற்செயலாகப் பார்த்தேன். டிஸ்டில்ட் வாட்டர் இல்லை, பொட்டாசியம் குளோரைடு. கே.சி.எல். என்று நாங்கள் சொல்வது. அதை ட்ரிப்பில் நிறைய நீர்த்துத்தான் மெல்ல மெல்ல ஏற்ற வேண்டும். அப்படியே நேராக நரம்பில் தள்ளினால் இதயம் நின்றுவிடும். ஆம்பூலைப் பிடுங்கிக் குப்பைக் கூடையில் போட்டேன். அந்தப் பிள்ளையை வார்டே கேட்கிற மாதிரி திட்டித் தீர்த்தேன். "கண்ணு தெரியலையா, ஒரு உயிரைக் கொன்னிருப்பியே" என்றெல்லாம். நோயாளிகள் முன்னாலேயே அவள் அழுதாள். நான் என் கடமையைச் செய்துவிட்டதாக நினைத்தேன்.

மத்தியானம் தோழி வந்தாள். மாணவிகளுக்குப் பொறுப்பு அவள்தான். பிள்ளையை இன்னும் நாலு திட்டுத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி.

"ரெண்டு ஆம்பூலும் எங்க இருக்கு?"

காட்டினேன். ஒரே டிரேயில், பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. ஒரே அளவு, ஒரே நிறம், பொடி எழுத்து. அவள் இரண்டையும் கையில் எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "இதை நானே மாத்தி எடுத்திருப்பேன்" என்றாள். அன்று சாயங்காலத்துக்குள் கே.சி.எல். ஆம்பூல் எல்லாம் தனி டப்பாவில், சிவப்புத் தாள் ஒட்டி, சிஸ்டர் அலமாரியில் பூட்டுக்குள் போனது. எடுக்க வேண்டுமென்றால் இரண்டு பேர் பெயர் படித்துச் சொல்லி எடுக்க வேண்டும் என்று எழுதி ஒட்டினாள். மறுநாள் அந்த மாணவியையே மற்ற மாணவிகளுக்கு அதை விளக்கச் சொன்னாள். அழுத பிள்ளை நிமிர்ந்து நின்று சொல்லிக்கொடுத்தது.

இன்று பல ஆஸ்பத்திரிகளில் அந்த மருந்தை வார்டில் மற்ற மருந்துகளோடு வைப்பதே இல்லை. அப்போது எங்களுக்கு அப்படி ஒரு விதி யாரும் சொல்லித்தரவில்லை.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. ஆம்பூலைக் கண்டுபிடித்தது என் அனுபவம். அதில் எனக்கு இன்றும் பெருமை உண்டு. ஆனால் நான் ஒரு நாள், ஒரு நோயாளியைத்தான் காப்பாற்றினேன். அவள் அதற்குப் பிறகு அந்த வார்டில் படுத்த அத்தனை பேரையும் காப்பாற்றிவிட்டாள். தப்பு நடந்தால் யார் செய்தது என்று கேட்க வார்டு எனக்குக் கற்றுக்கொடுத்திருந்தது. ஏன் நடந்தது என்று கேட்க அவளுக்குப் படிப்பு கற்றுக்கொடுத்திருந்தது. மேல்படிப்பு எதற்கு என்று யாராவது கேட்டால் எனக்கு இந்த டிரேதான் ஞாபகம் வரும்.

கற்றுக்கொடுப்பது இப்படி. அடுத்து நிர்வாகம்.

2008ல் சீனியாரிட்டியில் நான் சூப்பிரண்டெண்ட் ஆனேன். நேற்றுவரை ஊசி போட்டவளிடம் இன்று பேனாவைக் கொடுத்து, நூற்றுக்கும் மேற்பட்ட நர்ஸ்களுக்கு ரோஸ்டர் போடு, இண்டென்ட் பார், மெமோவுக்குப் பதில் எழுது என்றார்கள். எப்படி என்று சொல்லித்தர ஆள் இல்லை. ராத்திரி டியூட்டியில் சில வார்டுகளில் ஐம்பது நோயாளிக்கு ஒரு நர்ஸ். "நர்ஸ் போதவில்லை, கூடுதலாக அனுப்பிவைக்க வேண்டுகிறேன்" என்று மேலே எழுதினேன். பதிலே வரவில்லை. மறுபடி எழுதினேன். இருக்கிறவர்களை வைத்துச் சமாளிக்கவும் என்று ஒரு வரி வந்தது.

மறுபடியும் தோழியைத்தான் கேட்டேன். அவள் அப்போது வேறு ஊரில். போனில் சொன்னாள்: "போதலைன்னு எழுதாதடி. எத்தனைன்னு எழுது." மூன்று மாதம் ஒவ்வொரு ஷிப்டிலும் எத்தனை நோயாளி, எத்தனை நர்ஸ் என்று எண்ணச் சொன்னாள். படுக்கைப் புண் எத்தனை பேருக்கு வந்தது, கட்டிலிலிருந்து விழுந்தவர் எத்தனை பேர், எந்த ஷிப்டில் என்று எழுதச் சொன்னாள். இந்திய நர்ஸிங் கவுன்சில் அளவுப்படி பொது வார்டில் சாதாரண ஆஸ்பத்திரிக்கு ஐந்து நோயாளிக்கு ஒரு நர்ஸ், மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு மூன்றுக்கு ஒன்று, ஐ.சி.யூ.வில் ஒன்றுக்கு ஒன்று. அதையும் பக்கத்தில் எழுதச் சொன்னாள். இப்படி ஒரு அட்டவணையோடு அனுப்பினேன். ஆறு நர்ஸ் வந்தார்கள். நான் கேட்டதில் பாதிகூட இல்லைதான். ஆனால் வந்தார்கள். எண்ணிக் காட்டினால் மேலே இருப்பவர்களால் சும்மா திருப்பி அனுப்ப முடியவில்லை. அந்த எண்ணிக்கைக்குப் பெயர்தான் எம்.எஸ்ஸி.யில் சொல்லித்தரும் ஆய்வு, புள்ளியியல், நிர்வாகம் எல்லாம். எனக்கு அது 51 வயதில், போனில், ஒரு தோழி புண்ணியத்தில் கிடைத்தது.

இதெல்லாம் உன் சொந்தக் கதை, பொதுவாகச் சொல்ல முடியுமா என்று கேட்பீர்கள். 2014ல் லிண்டா ஐக்கன் என்ற அமெரிக்கப் பேராசிரியர், அவரும் ஒரு நர்ஸ்தான், ஒன்பது ஐரோப்பிய நாடுகளில் அறுவை சிகிச்சை செய்துகொண்ட நாலு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் விவரங்களைத் தொகுத்துத் தன் குழுவினரோடு லான்செட் இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார். பட்டம் படித்த நர்ஸ்களின் பங்கு 10 சதவீதம் கூடுதலாக இருந்த ஆஸ்பத்திரிகளில், நோயாளி 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் குறைவாக இருந்தது. ஒரு நர்ஸுக்கு ஒரு நோயாளி கூடினால் அந்த வாய்ப்பு 7 சதவீதம் கூடியது. இது பி.எஸ்ஸி அளவுப் படிப்பைப் பற்றியது, எம்.எஸ்ஸி.யைப் பற்றியது இல்லை. ஆனால் பி.எஸ்ஸி பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க எம்.எஸ்ஸி படித்தவர் வேண்டும். பத்து மாணவிக்கு ஓர் ஆசிரியை என்பது கவுன்சில் விதி. நல்ல ஆசிரியை இல்லாமல் நல்ல நர்ஸ் எங்கிருந்து வருவாள்?

இவ்வளவு சொன்னதும் பேத்தி முகம் மலர்ந்துவிட்டது. அவள் அப்பா விடவில்லை.

"பெரியம்மா, நீங்க அரசாங்க ஆஸ்பத்திரி கதையைச் சொல்லுதீங்க. பிரைவேட்ல எம்.எஸ்ஸி முடிச்சு டியூட்டரா போனவளுக்கு இவ இப்ப வாங்குற சம்பளம்கூட இல்ல. ரெண்டு வருஷத்துக்கு ஃபீஸும் ஹாஸ்டலும் சேத்து நாலு லட்சத்துக்கு மேல ஆகும். வர்ற சம்பளமும் போகும். மாப்பிள்ளை வேற பாத்துக்கிட்டிருக்கோம்."

அவன் சொல்வது பொய் இல்லை. தனியாரில் டியூட்டர்களின் கஷ்டம் எனக்குத் தெரியும். ஒரிஜினல் சர்ட்டிஃபிகேட்டை வாங்கி வைத்துக்கொண்டு திருப்பித் தராமல் இழுத்தடிக்கிற இடம் உண்டு. இன்ஸ்பெக்ஷன் அன்றைக்கு மட்டும் ஆசிரியையாக வந்து உட்காரச் சொல்லிக் காசு கொடுக்கிற இடமும் உண்டு. எம்.எஸ்ஸி படித்தால் போதும், வாழ்க்கை மாறிவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். எங்கே படிக்கிறோம், எதற்குப் படிக்கிறோம் என்பதைப் பொறுத்தது அது.

இன்னொரு குறையையும் மறைக்கக் கூடாது. ஒரு வருட அனுபவம் என்ற விதியைப் பேருக்கு முடித்துவிட்டு நேராக எம்.எஸ்ஸி, அங்கிருந்து நேராக வகுப்பறை என்று போகிறவர்கள் இருக்கிறார்கள். போர்டில் படம் அழகாக வரைவார்கள். வார்டுக்கு மாணவிகளைக் கூட்டி வந்தால் நோயாளியிடம் பேசக் கூச்சப்படுவார்கள். மாணவிகளுக்கு இது அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். ஸ்டாஃப் நர்ஸும் டியூட்டரும் மாமியார் மருமகள் மாதிரி இருப்பதற்குப் பாதிக் காரணம் இதுதான். கல்லூரி ஒரு பக்கம், ஆஸ்பத்திரி ஒரு பக்கம் என்று சுவர் வைத்துவிட்டோம். வேலூர் சி.எம்.சி.யில் நர்ஸிங் ஆசிரியைகளுக்கு வார்டுப் பொறுப்பும் உண்டு. பாடம் எடுக்கிறவரே வார்டையும் பார்ப்பதால், சொல்வது ஒன்று செய்வது ஒன்று என்று இருக்க முடியாது. இந்த முறை எல்லா இடத்திலும் வர வேண்டும் என்பது என் கருத்து. அரசு ஆஸ்பத்திரிகளில் பத்து வருடம் வேலை பார்த்த நர்ஸ்களைச் சம்பளத்தோடு எம்.எஸ்ஸி.க்கு அனுப்பும் இடங்களைக் கூட்ட வேண்டும். படித்துவிட்டு வந்தவளை, படித்ததற்குச் சம்பந்தமில்லாத வார்டில் போடாமல் இருக்க வேண்டும். குடும்பம் பார்க்கிற பெண் சம்பளத்தை விட்டுவிட்டுப் படிக்க முடியாது. 1986ல் என்னாலும் முடியவில்லை.

கடைசியில் இரண்டு பேருக்கும் சேர்த்து என் தீர்ப்பைச் சொன்னேன்.

பேத்தியிடம்: "நைட் டியூட்டி பிடிக்கலை, அதனால டீச்சர் ஆகலாம்னு நினைச்சா போகாத. ஐ.சி.யூ.ல ஒரு விஷயம் ஏன் இப்படி நடக்குதுன்னு உனக்குக் கேள்வி வந்திருந்தா போ." அவள் உடனே சொன்னாள், வெண்டிலேட்டரில் இருக்கும் நோயாளிகளுக்கு வாய் சுத்தம் செய்வதை ஒவ்வொரு ஷிப்டிலும் ஒவ்வொரு மாதிரி செய்கிறார்கள், எது சரி என்று கேட்டால் யாருக்கும் பதில் தெரியவில்லை என்று. எனக்கு அது போதும். அவள் நோயாளி பக்கத்திலேயே இருக்க விரும்பினால், தீவிர சிகிச்சைக்கென்றே நர்ஸ் பிராக்டிஷனர் என்று இரண்டு வருட முதுகலை இருக்கிறது, அதையும் விசாரி என்றேன்.

அவள் அப்பனிடம்: "கடன் வாங்கிப் படிக்க வைக்காதய்யா. இன்னும் ஒரு வருஷம் அவ வேலை பார்க்கட்டும், அவ சம்பளத்துல பாதியை ஒதுக்கி வை. அரசாங்க இடத்துக்கு முதல்ல போடட்டும். தனியார்தான்னா கட்டடத்தைப் பார்க்காத. சொந்த ஆஸ்பத்திரி இருக்கான்னு பாரு. எத்தனை பெட், அதுல எத்தனை பெட்டுல நிஜமா ஆள் படுத்திருக்குன்னு நேர்ல போயி பாரு. தபால்லயும் ஆன்லைன்லயும் எம்.எஸ்ஸி நர்ஸிங் தாரேம்னு எவனாவது சொன்னா வாசலோட அனுப்பு. கல்யாணம் வந்தா வரட்டும். பேச்சு எடுக்கும்போதே, பொண்ணு படிக்கப்போறான்னு சொல்லிடு. அதுக்கு முகம் சுளிக்கிற வீடு நமக்கு வேண்டாம்."

அவன் ஒன்றும் சொல்லவில்லை. காபியைக் குடித்தான். டம்ளரை வைத்துவிட்டு, "பாப்போம் பெரியம்மா" என்றான். எனக்குச் சுருக்கென்றது. "உன் இஷ்டம்" என்பதற்கு அண்ணன் தம்பிதான் இந்தப் "பாப்போம்". பேத்தி பைக்கில் ஏறும்போது திரும்பிப் பார்த்தாள். நான் கையை மட்டும் ஆட்டினேன்.

பத்து நாள் கழித்து அவனிடமிருந்து போன் வந்தது.

"பெரியம்மா, அந்தக் காலேஜுக்குப் போயிட்டு வந்தேன். முன்னூறு பெட்டுன்னு போர்டு போட்டிருக்கான். நான் வார்டு வார்டா நடந்து எண்ணிப் பாத்தேன். நாப்பது பேருகூட இல்ல. அது வேண்டாம். வேற எது நல்ல காலேஜ், சொல்லுங்க."

எண்ணிப் பார்த்தேன் என்றான் பாருங்கள். அதற்கு மேல் எனக்கு என்ன வேண்டும்? எனக்குத் தெரிந்த மூன்று இடங்களைச் சொன்னேன். தோழி இப்போது சென்னையில் மகனோடு இருக்கிறாள், அவள் நம்பரையும் கொடுத்தேன்.

உங்கள் வீட்டிலும் ஒரு நர்ஸ் பெண் மேலே படிக்க வேண்டும் என்று நின்றால், சம்பளக் கணக்கைக் கட்டாயம் பாருங்கள், தப்பில்லை. ஆனால் "உன் இஷ்டம்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.